கேப்பர் மலைச் சரிவில் ஒரு தண்ணீர்க் காற்றாடி: பழுதுபார்த்து மறுபடி ஓட்டிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூருக்குத் தென்மேற்கே இருக்கும் கேப்பர் மலையை மலை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அது செம்மண் மேடு. முந்திரி, பலா, நடுநடுவே பனை. கிழக்கே பெரிய மறைப்பு இல்லாததால் மதியத்துக்கு மேல் கடற்காற்று நேராக ஏறி வரும். இந்த மேட்டுச் சரிவில் ஒரு குடும்பத்தின் முந்திரித் தோப்பில், திறந்த கிணற்றுக்கு மேல் 40 அடி இரும்பு டவரில் ஒரு காற்றாடி நிற்கிறது. மின்சாரம் எடுக்கிற காற்றாலை இல்லை, தண்ணீர் இறைக்கிறது. 10 அடி விட்டமுள்ள சக்கரம், 18 தகட்டு இறக்கைகள், பின்னால் ஒரு வால். சக்கரத்தின் சுழற்சியைக் கியர் பாக்ஸ் மேலும் கீழுமான அசைவாக மாற்றும். நீளமான ராடு ஒன்று அந்த அசைவைக் கிணற்றுக்குள் இருக்கும் பம்புக்குக் கொண்டுபோகும்.

இந்த வகை அமெரிக்காவில் பிறந்தது. காற்றுக்கு ஏற்பத் தானே அடங்கிக்கொள்ளும் காற்றாடியை டேனியல் ஹாலடே 1854-ல் செய்தார். ஏர்மோட்டார் கம்பெனி 1888-ல் எஃகுச் சக்கரத்தோடு வந்தது. 1915-ல் அதே கம்பெனி, பல்சக்கரங்கள் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே சுழலும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் யாராவது வாரம்தோறும் எண்ணெய்க் கேனோடு டவர் ஏற வேண்டும். தோப்பில் இருப்பது இந்த எண்ணெய்த்தொட்டி வகை. அந்தக் குடும்பத்துப் பெரியவரின் அப்பா 1950-களில் நட்டது.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிற இடத்தில் காற்றுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். தோப்பிலும் மோட்டார் வந்துவிட்டது. காற்றாடி மாட்டுத்தொட்டியை நிரப்புவதோடு நின்றது, அதைக் கவனிப்பதும் குறைந்தது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது வால் முறிந்து, இறக்கைகள் பிய்ந்து, சக்கரம் இறுகிப்போனது. அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, காற்றாடியும் ஓடவில்லை. பெரியவர் மறக்காமல் வைத்திருந்தது அதைத்தான். 2023 கோடையில் இந்த வேலையைத் தொடங்க அதுவே காரணம்.

வேலையில் இருந்தவர்கள்: எண்பதை நெருங்கும் பெரியவர், முந்திரி ஒட்டுக்கன்று நாற்றங்கால் நடத்தும் அவர் மகள், தோப்பில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர், ஒரு கைப்பம்பு மெக்கானிக். அளந்து வரைபடம் போடுவதும் கணக்குப் பார்ப்பதும் என் பங்கு.

மேலே ஏறிப் பார்த்தபோது

புயல் உடைத்தது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றாடியின் பாகங்கள் வேறு மாதிரி சொல்லின.

இந்த வகைக் காற்றாடியில் சக்கரத்தின் அச்சு டவரின் நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். காற்று பலமானால் சக்கரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பி வாலோடு ஒட்டி மடங்கப் பார்க்கும். சாதாரணக் காற்றில் அதை மடங்கவிடாமல் ஒரு ஸ்பிரிங் இழுத்து வைத்திருக்கும். இது போக, கீழே நின்றபடி கையாலும் மடக்கலாம். டவர் காலில் இருக்கும் சின்ன விஞ்சை, அதாவது கம்பி சுற்றும் கைப்பிடி உருளையை, சுற்றினால் ஒரு கம்பி மேலே போய் வாலை இழுத்து மடக்கும், அதோடு பிரேக் பட்டையும் பிடிக்கும். இங்கே அந்தக் கம்பி அறுந்திருந்தது. அறுந்த முனை முழுக்கப் பழைய துரு. புயலன்று இழுபட்டு அறுந்ததாக இருந்தால் நடுவில் கொஞ்சமாவது நல்ல இரும்பு இருந்திருக்கும். விஞ்சும் அசையவில்லை. அதாவது புயல் வருவதற்கு வெகுநாள் முன்பே இந்தக் காற்றாடியை நிறுத்த வழியில்லாமல் போயிருந்தது. வால் திரும்பும் கீலும் துருவில் இறுகியதால் தானாக மடங்கவும் முடியவில்லை. அடித்த காற்று முழுவதையும் சக்கரம் நேருக்கு நேர் வாங்கியிருக்கிறது.

இரண்டாவதாகத் தெரிந்தது ராடு. கியர் பாக்ஸிலிருந்து பம்புக்கு இறங்கும் ராடில் ஒரு துண்டு மரத்தில் இருக்க வேண்டும். பம்ப் எங்காவது சிக்கினால் அந்த மரம் முறிந்து மேலே இருக்கும் கியரைக் காப்பாற்றும். எப்போதோ ஒருவர் அந்த மரத்துண்டை எடுத்துவிட்டு ஜி.ஐ. பைப்பை வெல்டு செய்திருந்தார். செய்தவர் அதைப் பலப்படுத்தியதாகத்தான் நினைத்திருப்பார். விளைவு, பம்ப் சிக்கியபோது அதிர்ச்சி முழுவதும் மேலே போய், ராடை நேராகப் பிடித்து வைக்கும் வார்ப்பிரும்புத் துண்டில் விரிசல் விட்டிருந்தது.

கியர் பாக்ஸின் மூடி பிளந்து, எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் மழைத்தண்ணீர் இருந்தது. பற்கள் தேய்ந்திருந்தாலும் உடையவில்லை. அச்சைத் தாங்கும் ஒயிட் மெட்டல் (மென்மையான வெள்ளை உலோகக் கலவை) பேரிங்குகள் வீணாகியிருந்தன. 18 இறக்கைகளில் 11 தேறின. டவரின் நான்கு காலும் மேற்பாதியில் நன்றாக இருந்தன. மண்ணைத் தொடுமிடத்தில்தான் துரு தின்றிருந்தது.

கிணற்றில் தண்ணீர் இப்போது 36 அடியில். காற்றாடியை நட்ட காலத்தில் 20 அடியில் இருந்ததாகப் பெரியவர் சொன்னார். பழைய பைப்பில் இருந்த நீர்க்கறையும் கிட்டத்தட்ட அதைத்தான் காட்டியது.

எதைக் காப்பாற்றுவது என்ற பேச்சு

இங்கே கருத்து வேறுபாடு வந்தது. உறவினர் ஒருவர், பெயின்ட் அடித்து அப்படியே நிற்கவிடுங்கள், பார்க்க அழகாக இருக்கும், ஓட்டினால் ஆபத்து என்றார். அதில் நியாயம் இருந்தது. தலைக்கு மேல் 40 அடியில் கால் டன்னுக்கு மேல் எடை. பழையதை வைத்துக்கொண்டு புதுசாக ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றும் பேச்சு வந்தது. ஆரோவில் பக்கம் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைச் செய்திருக்கிறார்கள் என்பதால் அதுவும் எட்டாத யோசனை இல்லை.

ஓட்டுவது என்று முடிவானதற்கு இரண்டு காரணங்கள். நின்றுகொண்டே இருக்கும் இயந்திரத்தில் எண்ணெய் ஏறாது, ஈரம் ஒரே இடத்தில் தங்கும், யாரும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள். நெதர்லாந்தில் பழைய காற்றாலைகளைக் காப்பவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அங்கே ஆலையைப் பூட்டி வைப்பதில்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அதை ஓட்டுகிறார்கள். ஆலை ஓட்டும் அந்தக் கைத்திறனையே 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டின் கிண்டர்டைக் ஊரிலுள்ள 19 ஆலைகள் 1997-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டன. கட்டடத்துக்கு ஒரு பட்டியல், அதை ஓட்டத் தெரிந்த கைக்கு இன்னொரு பட்டியல்.

இரண்டாவது காரணம் நாற்றங்கால். ஒட்டுக்கன்றுக்கு ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் தேவையில்லை, தினமும் கொஞ்சம் போதும். மூன்று முனை மின்சாரம் குறிப்பிட்ட மணிநேரம்தான் வருகிறது. காற்றாடி மெதுவாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் மகளுக்கு அது உண்மையாகவே உதவும். பணக்கணக்கு பார்த்தால் இந்த வேலை கட்டாது. இலவச மின்சாரத்தோடு எதுவும் போட்டி போட முடியாது, அதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகப் பேசிக்கொண்டோம்.

பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "காத்தாடி சுத்துறது பெருசில்ல தம்பி. நான் நிறுத்துன்னா நிக்கணும். அத மொதல்ல செஞ்சி காட்டு, அப்புறம் மத்தது."

வேலையின் வரிசை அப்படித்தான் அமைந்தது. வால், கீல், ஸ்பிரிங், மடக்குக் கம்பி, விஞ்ச், பிரேக் பட்டை முதலில். இறக்கைகள் கடைசியில். இறக்கை இல்லாத வெறும் சக்கரத்தில் நிறுத்தும் வேலையைத் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே அடுத்த கட்டம். இதே மாதிரி வேலை எடுக்கும் யாருக்கும் இந்த வரிசையை நான் வலியுறுத்துவேன். இறக்கையை முதலில் மாட்டினால் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், அன்றைக்குச் சாயங்காலமே கடற்காற்று வந்து நிற்கும்.

தலையை இறக்கியதும் பட்டறை வேலையும்

கிரேன் கேட்டுப் பார்த்தோம். அது உள்ளே வர வேண்டுமானால் காய்க்கிற முந்திரி மரங்களை வெட்ட வேண்டும். பெரியவர் சம்மதிக்கவில்லை. படகிலிருந்து எஞ்சின் தூக்கும் முதுநகர் ஆட்கள் வந்து, டவரின் உச்சியோடு ஒரு தூக்குமரத்தைக் கட்டி, செயின் பிளாக் (சங்கிலியால் எடை தூக்கும் கப்பி) மாட்டி, சக்கரத்தைத் துண்டு துண்டாகவும் கியர் பாக்ஸைத் தனியாகவும் இறக்கினார்கள். 18 இறக்கைகளும் மூன்று மூன்றாக ஆறு துண்டுகளில் பிணைந்திருப்பது இதற்கு வசதியாக இருந்தது. கழற்றும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் குத்திப் படம் எடுத்தோம்.

ஒயிட் மெட்டல் பேரிங் வார்ப்பது இப்போது அரிதாகிவிட்ட கைவேலை. பழைய படகு எஞ்சின்களால் முதுநகரில் அது இன்னும் பிழைத்திருக்கிறது. பட்டறைக்காரர் பேரிங் உட்காரும் கூட்டைச் சூடேற்றி, நடுவில் வைக்கும் தண்டில் விளக்குக் கரி பூசி ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, உருகிய உலோகத்தை ஒரே மூச்சில் ஊற்றினார். சூட்டை அளக்க மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டார். "கருகணும் சார், ஆனா பத்திக்கக் கூடாது. பத்திக்கிச்சுன்னா சூடு ஓவரு" என்றார். பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தார். இந்த ஒரு வேலைக்காகவே நாங்கள் வெளியூர் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம்.

தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றவில்லை. புதிதாக வெட்டலாம்தான். ஆனால் தேய்மானம் நான்கிலும் சமமாக இருந்தது, சுமையும் குறையப்போகிறது. பழைய ஜோடி ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். ஒன்றை மட்டும் புதிதாக்கினால் மற்றது சீக்கிரம் கெடும். விரிசல் விட்ட வார்ப்பிரும்புத் துண்டை வெல்டு செய்யாமல், அதே அச்சில் புதிதாக வார்த்துக்கொண்டோம். பழையது ஷெட்டில் சீட்டோடு தொங்குகிறது.

ஏழு இறக்கைகள் புதிதாகச் செய்தவை. பழைய இறக்கையின் வளைவை மர அச்சில் எடுத்து, அதே கனத் தகட்டில் தட்டி, சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தோம். ஒவ்வொன்றின் உள்பக்கமும் 2023 என்று குத்தியிருக்கிறது. 1964-ன் வெனிஸ் சாசனம் பழைய கட்டடங்களுக்குச் சொன்ன விதி இது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு பொருந்த வேண்டும், ஆனால் புதியது என்று தெரியவும் வேண்டும். இருபது வருஷம் கழித்து வருகிறவர் எது முதல் தகடு, எது பின்னால் வந்தது என்று குழம்பக் கூடாது.

ராடில் வெல்டு பைப்பை அறுத்துவிட்டு மறுபடி மரத்துண்டைப் போட்டோம். நேர்ரேகை உள்ள தேக்கு ரீப்பர். உதிரியாக இரண்டு ஷெட்டில் இருக்கின்றன.

பம்பின் அளவு

இந்த வேலையில் அதிகம் யோசித்தது இதைத்தான். மேலே எதுவும் மாறாவிட்டாலும் கீழே தண்ணீர் 20 அடியிலிருந்து 36 அடிக்குப் போய்விட்டது. பழைய பம்ப் 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டர். 20 அடி ஆழத்தில் அது ஒவ்வொரு அடிப்புக்கும் (ராடு ஒவ்வொரு முறை மேலேறும்போதும்) ஏறக்குறைய 50 கிலோ தண்ணீர்த் தூணைத் தூக்கியது. அதே சிலிண்டரை 36 அடியில் வைத்தால் சுமை 90 கிலோ. மென்காற்றில் சக்கரம் புறப்படவே புறப்படாது. 3 அங்குலமாகக் குறைத்தால் 36 அடியிலும் சுமை மறுபடி 50 கிலோவுக்கு வந்துவிடுகிறது. காற்றாடிக்கு வித்தியாசமே தெரியாது. விலை என்னவென்றால், ஒரு அடிப்புக்கு 2 லிட்டர் அளவில் வந்த தண்ணீர் 1 லிட்டர் சொச்சமாகிறது.

கைப்பம்பு மெக்கானிக், இந்தியா மார்க் 2 கைப்பம்பின் சிலிண்டரையே போடலாம், வாஷர் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கைப்பம்பில் பிஸ்டன் 125 மில்லிமீட்டர்தான் ஏறி இறங்கும். இந்தக் காற்றாடியில் கிட்டத்தட்ட அதுபோல் இருமடங்கு. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய் இடிக்கும். அதனால் பித்தளைக் குழாயில் 3 அங்குல சிலிண்டரைப் பட்டறையிலேயே கடைந்தோம். அதற்கு எருமைத்தோல் வாஷர், விளக்கெண்ணெயில் ஊறவைத்தது. சிலிண்டரைத் தண்ணீருக்குள் மூழ்கும்படி இறக்கினோம். தோல் காய்ந்தால் சுருங்கி, முதல் அரைமணி நேரம் வெறும் காற்றைத்தான் இறைக்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு

ஆடி பிறப்பதற்கு முன் ஓடத் தொடங்கியது. மதியம் கடற்காற்று ஏறியதும் புறப்படும், இருட்டும் வரை ஓடும். ஆடிக்காற்றில் இரவிலும் ஓடியது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு, ஆகவே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் தண்ணீரில் பெரிய வித்தியாசம் இருக்கும். நல்ல காற்றில் நிமிஷத்துக்கு முப்பது அடிப்பு வரும்போது மணிக்கு 2,000 லிட்டரை ஒட்டி வரும். ஐப்பசியில் காற்று செத்துவிடுகிறது. அந்த நாட்களில் மோட்டார்தான், அதை யாரும் கழற்றவில்லை.

விஞ்சை இயக்க மகளும் இளைஞரும் பழகிக்கொண்டார்கள். ஷெட்டில் ஒரு நோட்டு தொங்குகிறது: மாதம் ஒரு முறை நட்டு போல்ட் இறுக்கம், மடக்குக் கம்பி, கீல், வருஷத்துக்கு ஒரு முறை கியர் எண்ணெய் மாற்றம். மேலே ஏறும் முன் மடக்கி, பிரேக் பிடித்து, சக்கரத்தை டவரோடு கயிற்றால் கட்ட வேண்டும். இடுப்புப் பட்டை இல்லாமல் ஏறக் கூடாது. முதல் வருஷத்தில் தேக்குத் துண்டு ஒரு முறை முறிந்தது. பம்பின் அடியில் தண்ணீர் நுழையும் ஃபுட் வால்வில் ஒரு சரளைக்கல் சிக்கியிருந்தது. மேலே எதுவும் ஆகவில்லை. உதிரித் துண்டை மாட்டிவிட்டு, ஃபுட் வால்வுக்கு வலை கட்டினார்கள்.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இரண்டு நாள் முன்பே காற்றாடியை மடக்கிக் கட்டியாயிற்று. ஆறு துண்டுகளையும் கழற்றி இறக்கிவிடலாமா என்று பேசினோம். ஈரத்தில் வழுக்கும் டவரில் ஆள் ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து என்று மகள் சொன்னார், அதுவே முடிவானது.

காற்றில் ஒன்றும் ஆகவில்லை. இதை வைத்துக் காற்றாடி புயலை வென்றது என்று எழுதிவிட முடியாது. ஃபெஞ்சலில் 2011-ன் தானே புயல் அளவுக்குக் காற்று இல்லை, அது மழைப்புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகள் மூழ்கின. தோப்பு மேட்டில் இருந்ததால் வெள்ளம் ஏறவில்லை. ஆனால் சரிவில் ஓடிய தண்ணீர் செம்மண்ணை அறுத்து, டவரின் கிழக்குக் காலின் அடித்தளத்தை ஒரு பக்கம் முழுக்க வெளியே காட்டிவிட்டது. கேப்பர் மலை மண் மழைக்குக் கரைந்து ஓடை ஓடையாகப் பிளப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை நடந்தபோது அத்தனை பேரின் கண்ணும் மேலேயே இருந்தது.

தை வரைக்கும் காற்றாடியை மடக்கியே வைத்தார்கள். தண்ணீர் வற்றியதும் அந்தக் காலைச் சுற்றித் தோண்டி, அடித்தளத்தை அகலப்படுத்தி, மற்ற மூன்று கால்களையும் திறந்து பார்த்து, டவருக்கு மேல்புறம் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் கரையில் வெட்டிவேர் வைத்திருக்கிறார்கள். கிணற்றிலும் சேறு இறங்கியிருந்ததால் சிலிண்டரை மேலே எடுத்துக் கழுவி வாஷர் மாற்றினார்கள். டவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் நேராகவே இருந்தது. மாசியில் மறுபடி ஓடியது.

அடுத்த முறை மாறுவது

மேட்டுநிலத்தில் இப்படி ஒரு வேலை எடுத்தால், மேலே ஏறும் முன் மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு ஐப்பசி மழையில் நின்று பார்த்துவிட வேண்டும். வாய்க்கால் முதலில், கியர் பாக்ஸ் பிறகு.

மடக்குக் கம்பியை நல்ல நிலையில் இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவதாக நோட்டில் எழுதியாயிற்று. கடலோர உப்புக்காற்றில் கம்பி வெளியில் நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொண்டு உள்ளே போய்விடும்.

தீராதது ஒன்று இருக்கிறது. டவர் ஏறத் தெரிந்தவர் ஒருவர்தான். அந்த இளைஞருக்குச் சென்னையில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, போகாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற முதுநகர் ஆட்களைக் கூப்பிட ஏற்பாடு ஆகியிருக்கிறது. மாதாந்திரப் பார்வைக்கு மகள் பக்கத்துத் தோப்பிலிருந்து இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். ஒருவர் வந்து பாதி உயரம் வரை ஏறிப் பழகிவிட்டார், இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் பழகும் வரை, ஆள் இல்லாத மாதங்களில் காற்றாடியை மடக்கி வைப்பது என்று பெரியவர் முடிவு செய்திருக்கிறார்.